ஏழாம் குழியும் ஒரு கோள்மூட்டியும்

மருதப்பனுக்குச் சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, மூட்டுவலியும் இல்லை. எழுபத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த ஒரே வியாதி டாக்டர் கிருபாகரன்.

அந்த வியாதி தொற்றிய இடம்கூட அவருக்குத் துல்லியமாகத் தெரியும். கொடைக்கானலுக்கு மேலே, மேகங்களே மூச்சு வாங்க உட்கார்ந்து போகிற முகில்மேடு கோல்ஃப் கிளப், ஏழாம் குழி. பந்தை அடிக்கிற மேடையில் நின்று பார்த்தால் குழி தெரியாது, கொடி தெரியாது. நடுவே படுத்த யானை மாதிரி ஒரு மேடு. அதைத் தாண்டி அடித்துவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டே நடந்து போய்ப் பார்க்க வேண்டியதுதான். இருபது வருடங்களுக்கு முன்பு, தன் முழங்கால் தனக்கே தெரியாத ஒரு மூடுபனிக் காலையில், மதுரைப் பொதுப்பணித் துறை எஞ்சினியர் மருதப்பனும் மதுரைக் கண் டாக்டர் கிருபாகரனும் அங்கே ஆளுக்கொரு அடி அடித்துவிட்டு நடந்தார்கள். மருதப்பனின் பந்து பெரணிப் புதருக்குள் கிடந்தது. டாக்டரின் பந்து குழிக்குள் கிடந்தது.

ஒரே அடி! கோல்ஃப் ஆடாதவர்களுக்கு இதன் கனம் புரியாது. காபி டம்ளர் அகலத்தில் ஒரு குழி. நூற்றைம்பது கெஜத்துக்கும் அப்பால் நின்று, கண்ணுக்குத் தெரியாத அந்த டம்ளருக்குள் ஒரே வீச்சில் பந்தைப் போடுவது. நாற்பது வருடம் ஆடியும் அது கிடைக்காமல் ஏங்கி ஏங்கியே மேலே போய்ச் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் பாதிப்பேர் முகில்மேட்டில் ஆவியாக அலைவதாகக் கேள்வி.

டாக்டர் அதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாண வீட்டில் சொன்னார், கருமாதி வீட்டில் சொன்னார். கண்புரை அறுவைக்குப் படுத்திருக்கும் நோயாளிகள் அசைய முடியாது என்பதால் அவர்களுக்கு மிக விரிவாகச் சொன்னார். மதுரை மாவட்டத்தில் கட்டு அவிழ்த்த கண்கள் அத்தனையும் முதலில் பார்த்தது டாக்டரின் முகத்தை, அவற்றுக்குச் சொந்தமான காதுகள் முதலில் கேட்டது ஏழாம் குழியை. மருதப்பனுக்கும் கண்புரை வந்தது. டாக்டரின் ஆஸ்பத்திரி அவர் வீட்டுக்குப் பின்சுவர். ஆனாலும் மருதப்பன் பாதிக் குருடாகப் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் அறுத்துக்கொண்டு வந்தார். “அந்தாளு கைய என் கண்ணுக்குள்ள விட்டா, உள்ளயும் அந்தப் பந்து உருளும்டி,” என்றார் மனைவி கோமதியிடம்.

பொறாமையில் ஒரு ஒழுங்கு வேண்டுமென்று நினைப்பவர் மருதப்பன். மாதம் தவறாமல் டாக்டரோடு முகில்மேட்டுக்கு வருவார், சேர்ந்தே ஆடுவார், பந்து டப்பாவைக்கூட எப்போதும் போலப் பாதிப் பாதியாக வாங்கிக்கொள்வார். இருவரும் ஓய்வு பெற்று மலையிலேயே பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியேறியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் மட்டும் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருந்தது: நான் புதருக்குள் குனிந்திருந்த அந்த அரை நிமிடம், பனிக்குள் தனியாகக் குழியைச் சுற்றிய பச்சைக்குப் போன மனுஷன், பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துக் குழிக்குள் போட்டிருந்தால்?

இப்போது அந்த வழக்குக்கு அவசரம் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு கிளப்பின் ஆண்டு விழா. ஏழாம் குழிக்குக் ‘கிருபாகரன் முனை’ என்று பெயர் வைக்கப் போகிறார்கள். கருங்கல்லில் பொன்னெழுத்து. அன்று உடன் ஆடிய ஒரே சாட்சி என்ற முறையில் மேடையேறி, “ஆம், கண்டேன்” என்று சொல்லித் துணியை விலக்க வேண்டியவர், வேறு யார், மருதப்பன்தான்.

அந்த நேரத்தில்தான் வெண்மதி கோயம்புத்தூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

தூரம் அளக்கும் கருவி முகில்மேட்டுக்குப் புதிதல்ல. கொடியை நோக்கிக் கண்ணில் வைத்து அழுத்தினால் இத்தனை கெஜம் என்று சொல்லும் லேசர், எல்லார் இடுப்பிலும் சாவிக்கொத்து மாதிரித் தொங்கியது. மட்டைப் பையைச் சுமந்து வர நாலுகால் எந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றைக் காட்டுமாடுகள் எதிரியாக நினைத்து முட்டித் தள்ளுவது தனிக்கதை. கிளப்பில் ஒரு பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை. எந்த மட்டையால் அடிக்கலாம் என்று எதிராளியைக் கேட்பது குற்றம். தூரம் எவ்வளவு என்று கேட்பது குற்றமில்லை. கேட்டால் பகையாளியாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். தூரத்தில் பொய் சொன்னவனோடு முகில்மேட்டில் யாரும் டீ குடிக்க மாட்டார்கள்.

வெண்மதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எந்திரம் செய்கிறவர்களுக்கே உரிய, எதற்கும் அசராத முகம். கிளப் கூடத்தில் எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

“உங்க லேசரெல்லாம் இனிமே அடிக்கப் போற தூரத்தைச் சொல்லுதுங்க. இது ஏற்கெனவே அடிச்ச தூரத்தைச் சொல்லுமுங்க.”

“அடிச்ச தூரத்த எதுக்கும்மா அளக்கணும்? அதான் அடிச்சாச்சே,” என்றார் செயலாளர் ஸ்டனிஸ்லாஸ்.

“நேத்து அடிச்சது இல்லீங்க. பத்து வருசம், இருவது வருசம் முந்தி அடிச்சது.”

கூடத்தில் யாரோ பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தினார்கள்.

“மட்டை பந்துல பட்டா ஒரு அதிர்வு மண்ணுக்குள்ள போகுதுங்க. பந்து விழுந்தா இன்னொண்ணு. நம்ம காதுக்கு அது அன்னிக்கே முடிஞ்சுதுங்க. ஆனா அடியில இருக்கிற பாறை அதை விடறதில்லீங்க. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னக் கீறலா வெச்சிருக்கும். இது அந்தக் கீறலைப் படிக்குது. எங்கிருந்து கிளம்புச்சு, எங்க விழுந்துச்சு, எத்தனை கெஜம். அவ்வளவுதானுங்க.”

“யாரு அடிச்சதுன்னு?” இது டாக்டர். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்திருந்தார்.

“நடந்து வர்ற சத்தத்தை வெச்சே வீட்டு மனுசரைக் கண்டுபுடிக்கறமில்லீங்களா? அதே மாதிரிதானுங்க. ஒவ்வொருத்தர் வீச்சும் ஒரு மாதிரி. இன்னிக்கு ஒரு பந்து அடிச்சுக் காட்டினீங்கன்னா, பழைய அடியில உங்களோடது எதுன்னு சொல்லிடும்.”

விஞ்ஞானம் வளர்ந்ததைக் கேட்டு எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் அவர்களில் கை குலுக்கிக்கொள்கிறவர்கள் யாரும் மிச்சமில்லை.

முதலில் விழுந்தவர் கர்னல். இருநூற்று நாற்பது கெஜம் என்று அவர் கால் நூற்றாண்டாகச் சொல்லிவந்த அடியைப் பாறை நூற்றைம்பத்தொன்று என்றது. அடுத்தது ஓய்வுபெற்ற நீதிபதி. காட்டுக்குள் போன அவர் பந்துகள் எல்லாம் எப்போதும் நல்ல புல்லில்தான் கிடைக்கும். ஆண்டவன் அருள் என்பார். அருள் அவர் கால்சட்டைப் பையின் ஓட்டை வழியாகக் காலோரம் இறங்கி மண்ணில் ‘தொப்’ என்று விழுந்ததைக் கருவி முப்பத்தேழு இடத்தில் காட்டியது. பிறகு ஆளுக்கு ஆள் வெண்மதியிடம் வரிசை கட்டினார்கள், எல்லாம் அடுத்தவன் அடியை அளக்க. தன் அடியை அளக்க ஒருவர்கூட வரவில்லை. ஜோடிப் பந்தயத்தில் நாலு முறை கோப்பை வென்ற தம்பதி, யார் அடியால் வென்றோம் என்று தெரிந்துகொண்டு, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டினார்கள். கிளப்பை நிறுவியவரின் படத்தை யாரோ சுவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். மேஜைக்கு ஒருவராக உட்கார்ந்து டீ குடித்ததில் மேஜை போதாமல், டென்னிஸ் மைதானத்தில் நாற்காலி போட வேண்டியதாயிற்று. கருவிக்கு வெண்மதி வைத்திருந்த நீளமான பெயரை எல்லாரும் மறந்தார்கள். ‘கோள்மூட்டி’ என்றால்தான் தெரிந்தது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். கோள்மூட்டியைத் தடை செய்யவேண்டும் என்று எழுந்து பேசியவர் கிருபாகரன்.

“அடிச்சது அடிச்சதுதான்யா! செத்தவனத் தோண்டிப் பல்லு எத்தனன்னு எண்ணிக்கிட்டு இருக்கீங்க. நாம இங்க வந்தது மீதி நாள சிரிச்சுக்கிட்டுக் கழிக்க. தூக்கிப் போடுங்கய்யா இத!”

அடி வாங்கிய அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஞாயிறு விழா முடிகிற நேரத்திலிருந்து கிளப் எல்லைக்குள் கருவி நுழையக்கூடாது என்று முடிவாயிற்று. மருதப்பன் கையைத் தூக்கவில்லை. அவர் காதுக்குள் ரத்தம் மேளம் கொட்டியது. பயந்துவிட்டான்! இருபது வருடத்தில் முதல் தடவையாக டாக்டர் பயந்துவிட்டான்!

வீட்டில் கோமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியாடி, எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு நிக்கிறான். மடியில கனம், வழியில பயம்!”

“அவருக்கென்ன பயம்? ஊரே அடிச்சுக்கிட்டுக் கிடக்கு, வேணாம்னு சொன்னாரு.”

“நீ அவனுக்கு வக்கீலா?”

“இல்லங்க, உங்களுக்குப் பொண்டாட்டி. அதவிடக் கஷ்டமான வேல.” அவள் ஒரு காயின் நாரை முழு நீளத்துக்கு உரித்தாள். “சரி, ஒருவேள நெசமாவே அவருதான் போட்டிருந்தா?”

“போட்டிருக்க முடியாது.”

“ஏன்?”

“ஏன்னா என்னாலயே முடியலயே!”

கோமதி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த காயை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை மருதப்பன் ஏழாம் குழி மேடையில் நின்றார். வெண்மதி கருவியின் நாலு கால்களையும் மண்ணில் ஊன்றினாள். மேட்டின் மேல் இரண்டு காட்டுமாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டு, இந்த மனிதர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்பது போலப் பார்த்தன.

“டாக்டரோட வீச்சு உங்ககிட்ட இருக்குல்ல?”

“இருக்குதுங்க. முந்தாநேத்து இங்கதான் ஆடிட்டிருந்தாரு, பதிஞ்சிருச்சு. உங்களோடதும் வேணுமுங்க. ஒண்ணு அடிங்க.”

“என்னுது எதுக்கு? என்னுது புதருக்குள்ள கிடந்துச்சு, எனக்கே தெரியும்.”

“ரெண்டு பேரு அடிச்சிருக்கீங்க. ஒருத்தரைக் கழிச்சாத்தானுங்க இன்னொருத்தர்.”

மருதப்பன் ஒரு பந்தை அடித்தார். அது வழக்கம்போலப் போய்த் தொலைந்தது. வெண்மதி வருடம், மாதம் கேட்டுக்கொண்டு எதையோ திருகினாள். பாறை யோசித்தது. பாறை யோசிக்க இவ்வளவு நேரமா என்று மருதப்பன் கைக்கடிகாரத்தை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

“வந்துருச்சுங்க. ரெண்டு அடி இருக்குதுங்க. குழிக்குப் போன பந்து... நூத்தி அறுவத்தி நாலு கெஜம். பச்சையில ரெண்டு குதி. அப்புறம் உருண்டு, நேரா உள்ள.”

“கையால போட்ட சத்தம்?”

“கையெல்லாம் இல்லீங்க. மட்டையில இருந்து கிளம்பின பந்து, குழியிலதான் நின்னிருக்குது. சுத்தமான அடிங்க. இந்த ஒரு வாரத்துல இந்த மலையில நான் அளந்ததிலேயே சுத்தமான அடி.”

மருதப்பன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் உண்மை. வழக்கு தள்ளுபடி. இருபது வருடமாக அந்த மனிதன் சொன்னதெல்லாம், கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் சொன்னதெல்லாம், அட்சரம் பிசகாத உண்மை. நாளைக்கு மேடையேறித் துணியை விலக்க வேண்டியதுதான்.

“பெரிய ஆட்டக்காரன்தான்,” என்றார். அந்த இரண்டு சொல்லும் தொண்டையில் மீன்முள் மாதிரி இறங்கின.

வெண்மதி அவர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“சாருங்க... அது டாக்டரோட அடி இல்லீங்க.”

“பின்ன?”

“உங்களோடதுங்க.”

காட்டுமாடு ஒன்று தும்மியது.

“ரெண்டாவது அடிதானுங்க டாக்டரோடது. நூத்தி எழுவது கெஜம் போயி, வலது பக்கம் திரும்பி, பெரணிப் புதருக்குள்ள. நீங்க குனிஞ்சு எடுத்தது அவரு பந்து.”

“அதெப்புடிம்மா? எம் பந்து எனக்குத் தெரியாதா?”

“பந்துல என்ன அடையாளம் வெச்சிருந்தீங்க?”

மருதப்பன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆட்டம் தொடங்கும் முன் ஆளாளுக்குப் பந்தில் ஒரு புள்ளி வைப்பது கோல்ஃப் பிறந்த நாள் முதல் உள்ள வழக்கம். டாக்டர் நீலப் புள்ளி, இவர் சிவப்பு. ஆனால் அன்று வழியில் காட்டுமாடு மறித்து நேரமாகிவிட்டது. புது டப்பாவை அவசரமாகப் பிரித்துப் பாதிப் பாதியாகப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எல்லாம் ஒரே கம்பெனி, எல்லாவற்றிலும் அச்சடித்த ஒரே மூன்றாம் நம்பர். புள்ளி வைக்கவில்லை. பனிக்குள் நடந்து போனபோது முதலில் கண்ணில் பட்டது புதருக்குள் கிடந்த பந்து. ‘இது என்னோடதாத்தான் இருக்கும், என் ராசி அப்புடி’ என்று உரக்கச் சொன்னது யார்? மருதப்பன். அதைக் கேட்ட பிறகுதான் டாக்டர் குழிக்குள் எட்டிப் பார்த்து, “அப்ப இது என்னுதுய்யா!” என்று அலறினார். யாரும் திருடவில்லை. கெட்டது கிடந்தால் அது தன்னுடையது என்று ஓடிப்போய் எடுத்துக்கொண்டது அவரேதான்.

அதன்பிறகு முகில்மேட்டில் நடந்ததை அந்த இரண்டு காட்டுமாடுகள் தங்கள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லும். எழுபத்திரண்டு வயது மனிதர் ஒருவர் மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மேட்டைச் சுற்றி மூன்று சுற்று ஓடினார். புல்லில் உருண்டார். “எனக்கு மேலேயே நான் பொறாமப்பட்டிருக்கேன்மா! எம் பந்த நெனச்சே எனக்குத் தூக்கம் வரல! திருநெல்வேலிக்குப் பஸ்ல போனேன்மா, ஒத்தக் கண்ணோட!” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே மறுபடி சிரித்தார்.

“நாளைக்கு மேடையில போட்டு உடைக்கிறேன். பெட்டியோட வந்துருங்க. விழா முடியறவரைக்கும் தடை கிடையாதுல்ல?”

வெண்மதி கருவியின் கால்களை மடக்கினாள். நிமிராமலே சொன்னாள்: “வர்றனுங்க. ஆனா ஒண்ணு. நேத்தே அம்மா வந்து அளந்து பாத்துட்டுப் போனாங்க.”

“எந்த அம்மா?”

“உங்க வீட்டம்மாதானுங்க. நீங்க அடிக்கறதத் தூரத்துல இருந்து முன்னமே பதிய வெச்சு, இதே கணக்கைக் கேட்டாங்க. கேட்டுட்டு, அவரு வந்தா டாக்டரோடதுன்னே சொல்லிருங்கன்னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. நானும் சரின்னு சொல்லித்தான், தெரியாத மாதிரி இன்னிக்கும் உங்களை ஒண்ணு அடிக்கச் சொன்னனுங்க. ஆனா தூரம் கேட்டவங்களுக்குப் பொய் சொல்லக்கூடாதுன்னு உங்க கிளப்புல வழக்கமாமே... நாக்கு வரலீங்க.”

மருதப்பனின் சிரிப்பு நின்றது. ஒரு பொறாமை காலியான இடத்தில் இன்னொன்று வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு வீடு போய்ச் சேருகிற நேரம்கூட ஆகவில்லை.

“டாக்டர் மேல இம்புட்டு அக்கறையா உனக்கு?” வாசலிலிருந்தே தொடங்கினார்.

கோமதி புரிந்துகொண்டாள். துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “சொல்லிப்புட்டாளா? நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்.”

“இருவது வருசமா நான் வெந்து சாகுறேன். உண்மை தெரிஞ்சும் மறைக்கப் பாத்திருக்க. யாருக்காக? அந்த வழுக்கைக்காகவா?”

“எனக்காக.”

“என்னது?”

“உங்க பொறாமைய இருவது வருசம் பொறுத்துக்கிட்டேங்க. அது வீட்டுக்குள்ளயே கெடந்துச்சு. சோறு போட்டா அடங்கும், தலகாணில மொகத்தப் பொதச்சுக்கிட்டுத் தூங்கிரும். உங்க பெருமை அப்புடியா? அது ஊர் சுத்தும். பால்காரன்கிட்ட சொல்லும், மகளுக்குப் போனப் போட்டுச் சொல்லும், நடுராத்திரி என்னைய எழுப்பி ரெண்டு குதின்னு சொல்லும். என்னால இருவது நாள்கூட முடியாது. சத்தியமா முடியாது.”

மருதப்பன் அவள் மடித்து வைத்த வேட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

“அப்பறம், ஆமா, அவருக்காகவும்தான். சம்சாரம் போயாச்சு. மகன் வீடியோவுல தலைய மட்டும் காட்டுறான். காலைல எந்திரிச்சு சட்டைய மாட்டுறதுக்கு அந்த மனுசனுக்கு அந்தப் பந்து ஒண்ணுதான் இருக்கு. அதப் புடுங்கிட்டு வந்து எங்க வைக்கப் போறீங்க? நம்ம வீட்டுல எடமில்ல.”

“அது என் அடிடி!”

“ஆமாங்க. யாரு இல்லன்னா?” என்றாள் கோமதி. அதோடு பேச்சை முடித்து, அவருடைய விழாச் சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஞாயிறன்று வெயில் அடித்தது. முகில்மேட்டில் அது அதிசயம். ஒருவரோடு ஒருவர் பேசாத உறுப்பினர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கூடியிருந்தார்கள். பச்சைக்கு ஓரமாகப் பட்டுத்துணி போர்த்திய கல். கடைசி வரிசையில் வெண்மதி, மடியில் கோள்மூட்டி. முதல் வரிசையில் கோமதி, புடவைத் தலைப்பின் நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு. மருதப்பன் மேடையில் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வெடிகுண்டை மடியில் வைத்திருப்பவரின் அமைதியோடு.

டாக்டர் எழுந்தார். ஊருக்கே மனப்பாடமான கதை. ஆனால் இன்று குரல் வேறு மாதிரி வந்தது.

“ஒரு விசயம் நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. அன்னிக்கு மட்டைல படறப்ப, வலது பக்கம் பிச்சுக்கிட்டுப் போகுதுன்னுதான் என் கைக்குத் தோணுச்சு. போய்ப் பாத்தா குழிக்குள்ள கெடக்கு. எப்புடின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. இருவது வருசமா அதே மேடைல நின்னு அதே மட்டையால அடிச்சுப் பாக்குறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட அது திரும்ப வரல. நம்ம மருது இருக்கான் பாருங்க...” டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். “விசிலடிச்சுக்கிட்டு வருவான், அடிப்பான், போவான். நிரூபிக்க ஒண்ணுமில்லாத மனுசன்! இவனப் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்யா. நெசமாத்தான் சொல்றேன். பொறாம!”

கூட்டம் சிரித்தது. மருதப்பன் சிரிக்கவில்லை. இந்த ஆளுக்குத் தன் மேல் பொறாமையா? தான் எரிந்துகொண்டிருந்த இருபது வருடமும் பக்கத்து வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்கிறது!

“ஆனா அந்த அடி இருக்கே,” டாக்டரின் குரல் உயர்ந்தது. “அது மனுசன் அடிக்கிற அடி இல்லய்யா. தெய்வம் கையப் புடிச்சு அடிச்ச அடி. அடிச்சவன் யாரா இருந்தாலும் அவன் காலத் தொட்டுக் கும்புடலாம். அப்புடி ஒரு அடி!”

கைதட்டல் மலை முழுக்க எதிரொலித்தது. முதுகைக் காட்டி நின்றவர்கள்கூடத் திரும்பித் தட்டினார்கள். அந்தச் சத்தம் டாக்டரைத் தாண்டி, பக்கத்து நாற்காலிக்கு வந்து, மருதப்பனின் உச்சந்தலையில் எண்ணெய் வைத்தது போல இறங்கியது. கழுத்து, முதுகு, உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. அவருக்கு ஒன்று விளங்கியது. இதைத் தன் வாயால் சொன்னால் யார் இப்படித் தட்டுவார்கள்? பெட்டி சொன்னது, பாறை சொன்னது என்று வழக்காட வேண்டும். கர்னல் கொட்டாவி விடுவார். நீதிபதி சாட்சி கேட்பார். ஆனால் இந்த மனிதன், இருபது வருடம் இதே கதையைச் சொல்லிப் பழுத்த வாய், சம்பளமில்லாமல், சலிப்பில்லாமல், இத்தனை காலம் யாருடைய அடியைப் புகழ்ந்து வந்திருக்கிறான்?

“சாட்சி சொல்லுங்க சார்,” என்றார் ஸ்டனிஸ்லாஸ்.

மருதப்பன் எழுந்தார். கடைசி வரிசையில் வெண்மதி பெட்டியின் கொக்கியைக் கழற்றினாள். கோமதி விரலில் சுற்றிய நூலை அவிழ்க்க மறந்தாள்.

“அன்னிக்கு நான் கூட இருந்தேன்,” என்றார் மருதப்பன். “டாக்டர் அந்த அடியப் பத்திச் சொன்னதுல ஒரு எழுத்து பொய் கெடையாது. சொல்லப்போனா, கொஞ்சம் கொறச்சுத்தான் சொல்லியிருக்காரு. நூத்தி அறுவத்தி நாலு கெஜம். அந்த மாதிரி ஒரு அடிய இந்த மலை பாத்ததில்ல, இனிமே பாக்கவும் போறதில்ல.”

துணியை விலக்கினார். டாக்டர் அவரைக் கட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் குலுங்கி அழுதார். வெண்மதி கொக்கியைத் திரும்ப மாட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினாள். கோமதி மட்டும் ‘என் புருஷன் இவ்வளவு நல்லவரா?’ என்ற சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சந்தேகம் அன்று சாயங்காலமே தீர்ந்தது. மருதப்பனே பக்கத்து வீட்டுக்குப் போய் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து, நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, “டாக்டரே, அந்த அடிய இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றார். மறுநாளும் கூட்டி வந்தார். அதற்கும் மறுநாள் டாக்டர் கூப்பிடாமலே வந்தார். இப்போதெல்லாம் விளக்கு வைத்ததும் வந்துவிடுகிறார். ராத்திரிச் சாப்பாடும் இங்கேதான்.

“யோவ் மருது, இத்தன வருசமா இந்தக் கதைய எடுத்தாலே ஒனக்கு வேல வந்துரும். இப்ப என்னய்யா இம்புட்டு ஆசையாக் கேக்குற?”

“வயசாச்சுல்ல டாக்டரே. நல்லத நாலு தடவ கேக்கணும்னு தோணுது.”

டாக்டர் தொண்டையைச் செருமினார். பனியைச் சொன்னார், மேட்டைச் சொன்னார், மட்டையைத் தூக்கினார். மருதப்பன் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டோரம் தேன் வழிந்தது.

“...மட்டைல பட்டுச்சு பாரு, அப்புடியே வலது பக்கமாப் போயி, கொடிக்கிட்ட வந்ததும் எவனோ கயிறக் கட்டி இழுத்த மாதிரி வளைஞ்சு—”

“வளையல டாக்டரே,” என்றார் மருதப்பன், கண்ணைத் திறக்காமல். “நூல் புடிச்ச மாதிரி நேராப் போச்சு.”

டாக்டர் நிறுத்தினார். சமையற்கட்டில் தோசைக் கரண்டியும் நின்றது.

“யோவ், அடிச்சது நானா, நீயா?”

“நீங்கதான் டாக்டரே, நீங்களேதான்,” என்றார் மருதப்பன். “பச்சைல விழுந்து குதிச்சுச்சே, அத விட்டுட்டீங்க. அதச் சொல்லுங்க.”